அறுபது மில்லி

கேத்தி சுகாதார நிலையத்து நர்ஸ்
ஜோவிதாவின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தாள்.
முன்பல் இரண்டிலும் தேன்நிறத்தில் ஒரு கோடு.
"ஒன்றரை வயசு. இன்னுமா பாட்டில்?"
வரிசையில் நின்ற அத்தனை பேரும்
என் வாயைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம்,
ராத்திரி இரண்டு மணிக்கு
கேரட் பிடுங்க ஆள் ஏற்றும் ஜீப் வந்து
ஹாரன் அடிக்கிறதென்று.
சவரிராஜ் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இறங்குவான்,
நெற்றியில் கட்டிய டார்ச் மட்டும் சரிவில் போகும்.
ஹாரனுக்கு விழித்த பிள்ளையைத்
திரும்பப் படுக்கவைக்க
நூற்றிருபது மில்லி வேண்டும்.
ஐந்தரைக்கு நான் கழுவும் மெஷினுக்குப் போனால்
சாக்கின்மேல் உட்காரவைத்து
இன்னொரு நூற்றிருபது.
ஒரு லோடு முடியும்வரை சத்தம் வராது.

பாட்டில்தான் எனக்கு ஆள்.
சம்பளம் கேட்காத ஆள்.

பாலில் தண்ணீர் கூட்டினேன்.
வாரத்துக்கு முப்பது மில்லி என்று யாரோ சொன்ன கணக்கு.
எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை,
நாலே நாளில் பாதிக்குப் பாதி.
ஐந்தாம் நாள் ஒரு இழுப்பு இழுத்தாள்,
நிறுத்தினாள்,
தராசில் கை வைத்தவனைப் பிடித்துவிட்ட வியாபாரி மாதிரி
பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு வீசினாள்.

மூன்று ராத்திரி.
தூக்கிக்கொண்டு நடந்தேன். அடுப்படி, கதவு, அடுப்படி.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வேண்டுமென்றே இருமினார்கள்.
ஜன்னலுக்கு வெளியே புல்லின்மேல் உறைபனி
உப்பைக் கொட்டி மறந்துபோன மாதிரி.
நாலாவது ராத்திரி
ஜீப் வாசலுக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டு
சவரிராஜ் மேல்ரோடு வரைக்கும் நடந்துபோய் ஏறினான்.
பிள்ளை புரண்டு படுத்தது, அவ்வளவுதான்.
முதலிலேயே செய்திருக்கலாம்.
எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பகலில் எவர்சில்வர் தம்ளர்.
தலையில் கவிழ்த்தாள். தரையில் தட்டினாள்.
அடியில் தெரிந்த தன் முகத்துக்கு முத்தம் கொடுத்தாள்.
ஊட்டப் போன கையைத் தட்டிவிட்டாள்.
சரி, நீயே தின்னு என்று
தட்டைக் கீழே வைத்தேன்,
கோபத்தில்தான் வைத்தேன்.

ரசஞ்சோறு.
கை கிளம்பியது.
கன்னத்துக்குப் போனது, மூக்குக்குப் போனது,
ஒருமுறை காதுக்கும்.
வழி தெரிந்து வாய்க்கு வந்தபோது
உள்ளங்கையில் மிஞ்சியது இரண்டு பருக்கை.
அதைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தாளே,
மேட்டுப்பாளையம் மண்டியில் நல்ல விலை கிடைத்த அன்று
எங்கள் முதலாளிகூட அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது மண்டி எடுக்காத முறுக்குக் கேரட்டை
வேகவைத்து நறுக்கிக் கொண்டுபோகிறேன்.
சாக்கின்மேல் பாதி, சட்டைமேல் மீதி.
ஒரு லோடுக்கு மூன்று தடவை நான் எழுந்திருக்கிறேன்,
மேஸ்திரி லிங்கன் மூன்று தடவையும் மணி பார்க்கிறார்.

ரப்பரை அடுப்பில் போட்டிருந்தேன்.
நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.
பாட்டில் மட்டும் கட்டிலுக்கடியில் எங்கோ உருண்டு கிடந்தது.
நேற்று மத்தியானம் கண்டுபிடித்து எடுத்து வந்தாள்.
எனக்கு நெஞ்சு திக்கென்றது.

மடியில் சாய்த்துப் படுக்கவைத்தாள்.
தட்டிலிருந்து ஒரே ஒரு பருக்கையை
இரண்டு விரலால் கிள்ளியெடுத்து
மூடியில்லாத வாய்க்குள் போட்டாள்.
"ஆ" என்றாள் அதனிடம்.
இன்னொன்று.
வெளியே விழுந்ததைத் தான் தின்றுகொண்டு
இன்னொன்று.
கீழே ஸ்டேஷனில் ரயில் கூவியது,
எப்போதும் ஓடிப் பார்க்கிறவள் திரும்பவில்லை.

அறுபது கோடு வரைக்கும்
அது தின்று முடிக்க
முக்கால் மணி நேரம் ஆனது.
பிறகு என் ஸ்வெட்டர் கையை இழுத்து
அதன் வாயைத் துடைத்துவிட்டாள்.